என்ஜினீயர் மகள் எழுப்பிய கலைக்கூடம்



ஆண்டு மலர் என்றாலே விஸ்வேஸ்வரய்யா வருவார், அப்துல் கலாம் வருவார், ஒரு ஓரத்தில் எடிசனும் எட்டிப் பார்ப்பார். இந்தத் தடவை ஒரு நாட்டியக் கலைஞரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் எங்க செட்டு பசங்க சிரித்தார்கள். பாலிடெக்னிக் மலருக்கும் பரதநாட்டியத்துக்கும் என்னப்பா சம்பந்தம் என்று நீங்களும் கேட்கலாம். சம்பந்தம் நிறையவே இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படித்துப் பாருங்கள்.

நான் சொல்லப் போவது ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரைப் பற்றி. பொது அறிவுப் புத்தகங்களில் அவருக்கு ஒரே வரிதான்: கலாக்ஷேத்ராவை நிறுவியவர், ஆண்டு 1936. ஒரு மார்க் கேள்விக்கு அது போதும். ஆனால் பிள்ளைகள் எப்படிப் படிக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க யோசித்தவர் அவர் என்பதை யாரும் நமக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதைத்தான் இங்கே சொல்ல ஆசைப்படுகிறேன்.

மதுரையில் பிறந்தவர்

நம்ம பக்கத்து மதுரையில்தான் 1904-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் தேதி அவர் பிறந்தார். நாலு வருஷத்துக்கு ஒரு முறை வருகிற பிறந்தநாள்! தந்தை நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறையில் என்ஜினீயர். ஆக, நம்ம இனத்து வீட்டில் பிறந்த பெண் என்றே சொல்லலாம். தந்தைக்கு ஊர் ஊராக மாற்றல் வரும். குடும்பமும் கூடவே போகும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவர் சென்னை அடையாற்றில், பிரம்மஞான சபைக்குப் பக்கத்திலேயே வந்து குடியேறினார். அந்தச் சபைக்கு உலகத்தின் பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். எல்லா மதத்துக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிற அந்தச் சூழலில் சிறுமி ருக்மிணி வளர்ந்தார்.

அங்கேதான் ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரைச் சந்தித்தார். அன்னி பெசன்ட் அம்மையாரோடு சேர்ந்து உழைத்த அவர், காசியில் மத்திய இந்துக் கல்லூரியின் முதல்வராக இருந்த கல்வியாளர். 1920-இல் இருவருக்கும் திருமணம் நடந்தது. பெண்ணுக்கு வயது 16, மாப்பிள்ளைக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. ஊரே கொந்தளித்தது. பத்திரிகைகள் கண்டித்தன. இன்றைக்கு இந்த வயதில் திருமணம் செய்தால் சட்டப்படி குற்றம். அதை மறைத்து எழுத எனக்கு மனசில்லை. ஆனாலும் அந்தத் திருமணத்தால் அந்தப் பெண்ணுக்கு உலகத்தின் கதவு திறந்தது என்பதும் உண்மை. கணவரோடு பல நாடுகளுக்குப் போனார். போன இடத்திலெல்லாம் பள்ளிகளையும் கலை அரங்குகளையும் பார்த்தார்.

கப்பலில் திரும்பிய வாழ்க்கை

ரஷ்ய நாட்டு பாலே மேதை அன்னா பாவ்லோவா 1928 வாக்கில் பம்பாய்க்கு வந்து ஆடினார். அவர் ஆட்டத்தைப் பார்த்து மயங்கிப்போன ருக்மிணி தேவி, ஆஸ்திரேலியாவுக்குப் போன கப்பலில் அவரோடு பழகினார். பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றுக்கொண்டார். உன் நாட்டுக் கலையைத் தேடிப் போ என்று வழிகாட்டியதும் பாவ்லோவாதான். வெளிநாட்டுக் கலையை விரும்பிப் போனவரை அந்தக் கலையே வீட்டுக்குத் திருப்பி அனுப்பி வைத்தது பாருங்கள்!

1933-இல் சென்னை மியூசிக் அகாடமியில் சதிர் ஆட்டம் பார்த்தார். அந்தக் காலத்தில் அதைப் படித்த குடும்பங்கள் கேவலமாக நினைத்தன. தேவதாசி மரபில் வந்த பெண்களும், நட்டுவனார்களும், இசை வேளாளர் குடும்பங்களும்தான் அதைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். ருக்மிணி தேவி முதலில் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பிறகு பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்றுக்கொண்டார். 1935-ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாற்றில் மேடை ஏறினார். வயது 31! அந்த வயதில் புதிதாக ஒரு வித்தையைக் கற்று மேடை ஏறுவது லேசா? அரியர் விழுந்ததும் ஆளே உடைஞ்சு போற நாம் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

பள்ளியும் கலையும் ஒரே கூரையில்

அன்னி பெசன்ட் 1933-இல் மறைந்தார். அவர் நினைவாக 1934-இல் அடையாற்றில் ஒரு பள்ளி தொடங்கினார் அருண்டேல். 1936-இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலைக்கூடத்துக்குப் பிற்பாடு கலாக்ஷேத்ரா என்று பெயர் வந்தது. இரண்டும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் மாதிரி வளர்ந்தன. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் எப்படியோ அப்படியே பாட்டும் ஆட்டமும் ஓவியமும். பாபநாசம் சிவன் அங்கே பாட்டு வாத்தியார். டைகர் வரதாச்சாரியார் கலாக்ஷேத்ராவின் இசைப் பேராசிரியர். நினைத்துப் பாருங்கள், நமக்கு அந்த மாதிரி ஒரு பாட்டு வாத்தியார் வாய்த்திருந்தால்!

1939-இல் இன்னொரு பெரிய காரியம் நடந்தது. அருண்டேல் தம்பதி அழைத்ததன் பேரில் இத்தாலிய டாக்டர் மரியா மாண்டிசோரி, 69 வயதில், அடையாற்றுக்கு வந்தார். ஓலைப் பந்தல்களின் கீழ் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தது. 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசு அவரை ஊர் திரும்ப விடவில்லை. சில ஆண்டுகள் நம்ம கொடைக்கானலிலேயே தங்கினார். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கான அவருடைய திட்டம் அங்கேதான் உருப்பெற்றது. நட்சத்திரம், பாறை, செடி, மனிதன், மொழி, எண் எல்லாம் ஒரே கதையின் அத்தியாயங்கள். உலகம் முழுவதும் ஒரே குடும்பம் என்ற உணர்வோடு பிள்ளை வளர வேண்டும் என்பதே அதன் சாரம். இன்றைக்கு உலகத்தின் பல நாடுகளில் நடத்தப்படும் பாடமுறை பழனி மலையில் வளர்ந்தது என்றால் நமக்குப் பெருமைதானே! அவருடைய சில நூல்களை 1940-களில் முதலில் வெளியிட்டதே கலாக்ஷேத்ரா பதிப்பகம்தான்.

கைக்கும் அங்கே மரியாதை இருந்தது. நாட்டிய உடைக்குப் பழைய கரை போட்ட சேலை கிடைக்கவில்லை என்று தறியையே வளாகத்துக்குள் கொண்டு வந்தார் ருக்மிணி தேவி. பிற்காலத்தில் கலம்காரிச் சாயப் பட்டறையும் வந்தது. நெசவாளியும் நட்டுவனாரும் கணக்கு வாத்தியாரும் ஒரே வளாகத்தில்! மேடையின் விளக்கு, அரங்க அமைப்பு, நகை, நிறம் எல்லாவற்றையும் அவரே நின்று பார்த்துச் செய்தார். 1944-இல் மேடை ஏறிய அவருடைய முதல் நாட்டிய நாடகம் எது தெரியுமா? நம்ம குற்றாலத்து மண்ணில் பிறந்த குற்றாலக் குறவஞ்சி! 1955 முதல் 1970 வரை இராமாயணத்தையே ஆறு நாட்டிய நாடகங்களாக அமைத்தார்.

1945-இல் கணவர் இறந்துவிட்டார். அவர் ஒடுங்கிப் போகவில்லை. 1943-இல் தாம் தொடங்கிய டாக்டர் உ.வே.சாமிநாதையர் நூல்நிலையத்தின் மூலம் தமிழ்த் தாத்தாவின் ஓலைச்சுவடிகளைக் காப்பாற்றினார். 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்து. 1960-களில் திருவான்மியூரின் வெறும் மணல் காட்டில் மரம் நட்டு, கலாக்ஷேத்ராவை அங்கே கொண்டுபோனார். ஆலமரத்தடியில் எல்லா மதத்துப் பிரார்த்தனையோடும் நாள் தொடங்கும். அங்கே கேரளத்துக் கூத்தம்பலம் பாணியில் நிற்கிற அரங்கத்தை வடிவமைத்தவர் அப்புக்குட்டன் நாயர். அவரும் ஒரு சிவில் என்ஜினீயர்தான் என்பதை சிவில் பிரிவு நண்பர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு படிக்கலாம்!

1977-இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கிறீர்களா என்று பிரதமர் மொரார்ஜி தேசாய் கேட்டார். ருக்மிணி தேவி மறுத்துவிட்டார். 1986 பிப்ரவரி 24-ஆம் தேதி காலமானார்.

மறுபக்கமும் உண்டு

வாழ்க்கை வரலாறு என்றால் பூமாலை மட்டும் போடக்கூடாது. சதிரின் சிருங்காரத்தைக் குறைத்து, பக்தியை முன்னுக்குக் கொண்டு வந்தார் ருக்மிணி தேவி. மரபுக் குடும்பத்தில் வந்த மாமேதை பாலசரஸ்வதி அம்மாள் அதை ஏற்கவில்லை. சிருங்காரம்தான் இந்தக் கலையின் உயிர் என்பது அவர் கட்சி. கலை கௌரவமான வீடுகளுக்குள் போனது சரி, அதைக் காத்து வைத்திருந்த பெண்களுக்கு என்ன மிஞ்சியது என்ற கேள்வி இன்றும் இருக்கிறது. நியாயமான கேள்வி. கைவேலை தெரிந்தவனுக்குப் பேர் கிடைக்காமல் போவதை வெடிக்கட்டுப் பகுதியில் பிறந்த நாங்கள் நன்றாகவே அறிவோம்.

தாயில்பட்டியிலிருந்து பார்க்கிறேன்

நான் தாயில்பட்டிக்காரன். எங்க அம்மா தலைமுறையில் பள்ளிக்கூட வயசுப் பிள்ளைகளின் கை சும்மா இருந்ததே கிடையாது. பட்டாசுக் குழாய் சுற்றும், சரம் பின்னும், தீப்பெட்டிக் கட்டை அடுக்கும். குரோஸ் கணக்கில் கூலி. அடையாற்றுப் பள்ளியிலும் பிள்ளைகளின் கை வேலை செய்தது, எங்க ஊரிலும் வேலை செய்தது. அங்கே அது படிப்பு. இங்கே அது படிப்பைத் தின்றது. இந்த வித்தியாசம்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

ருக்மிணி தேவி மறைந்த அதே 1986-இல்தான் குழந்தைத் தொழிலாளர் தடுப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. சிவகாசி வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை மீறிப் பிள்ளையை வேலைக்கு வைத்தால் ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்றது. பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். நல்லது. ஆனால் வந்த பிள்ளையின் கைக்கு நாம் என்ன கொடுத்தோம்? ட்ராயிங் பீரியட் என்றால் கணக்கு வாத்தியார் வருவார் என்பது கிராமத்தில் படித்த நம்மில் பலருக்கும் தெரிந்த கதை. 2012-இல் 6 முதல் 8 வகுப்புகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி சொல்லித்தர 16,549 பகுதிநேர ஆசிரியர்களைத் தமிழக அரசு நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள்தான் வேலை. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. வழி திறந்திருக்கிறது. ஆனால் வருஷத்தில் ஒரு முறை திருவிழா, மிச்ச நாளெல்லாம் மனப்பாடம் என்றால் அது அந்த அம்மையாரின் பள்ளி ஆகாது.

நம்ம மண்ணில் பாடத்துக்கா பஞ்சம்? வானத்தில் வெடிக்கும் சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், நீலத்துக்குத் தாமிரம், மஞ்சளுக்கு சோடியம். மருந்துப் பக்கமே போகாமல், வண்ணத்தைக் காகிதத்தில் தீட்டியே ஒரு ஏழாங்கிளாஸ் பையனுக்கு வேதியியல் சொல்லித் தரலாம். சிவகாசி அச்சகத்துக் காலண்டரை வைத்து நாலு மையில் நாலாயிரம் நிறம் எப்படி வருகிறது என்று காட்டலாம். பக்கத்து வெம்பக்கோட்டையில் 2022 முதல் நடந்த அகழாய்வில் சங்கு வளையல்களும் சுடுமண் பொம்மைகளும் கிடைத்தன. அதை ஒரு தரம் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டினால் வரலாறும் வரும், களிமண்ணைப் பிசைகிற ஆசையும் வரும்.

நண்பர்களே, முதல் வருஷம் என்ஜினீயரிங் கிராஃபிக்ஸ் வகுப்பில் ஐசோமெட்ரிக் வியூ போட முடியாமல் எத்தனை பேர் திணறினோம்! அது மூளையில் உள்ள கோளாறு இல்லை. பத்து வருஷம் பென்சிலால் எழுத மட்டும் பழகிய கை, பார்த்ததை வரையப் பழகவில்லை, அவ்வளவுதான். டிப்ளமா முடித்து நாளைக்கு நாம் தொழிற்சாலைக்கும் போகலாம், வெளிநாட்டுக்கும் போகலாம். எங்கே போனாலும் லீவில் ஊருக்கு வருவோம். அப்போது பக்கத்துப் பள்ளிக்கு ஒரு சனிக்கிழமை போய், தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு காற்றாடி செய்யவோ ஒரு படம் வரையவோ சொல்லிக் கொடுப்போம். மதுரையில் பிறந்த அந்த என்ஜினீயர் மகளுக்கு நம்மால் செய்யக்கூடிய மரியாதை அதுதான் என்று நினைக்கிறேன்.

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு