விரியும் அண்டம் கண்ட அறிஞர்

இரவில் வானை நோக்குவார்க்கு அண்டம் என்றும் ஒரே நிலையில் நிற்பதாகவே தோன்றும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர் பலரும் அவ்வாறே எண்ணியிருந்தனர். அவ்வெண்ணத்தை மாற்றியவருள் ஒருவர் ஜார்ஜ் லெமைத்தர்.

இவர் 1894ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17ஆம் நாள் பெல்ஜிய நாட்டுச் சார்லருவா நகரில் பிறந்தார். லூவென் நகரில் பொறியியல் பயின்றுகொண்டிருந்தபொழுது, 1914ஆம் ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டது. லெமைத்தர் ஏட்டை விடுத்துப் படையில் சேர்ந்தார். வீரத்திற்கு விருதும் பெற்றார். போர் முடிந்தபின் கணிதமும் இயற்பியலும் கற்றுத் தேர்ந்தார். 1923ஆம் ஆண்டில் கத்தோலிக்கக் குருவானார். பின்னர்க் கேம்பிரிட்ஜ் சென்று, எடிங்டன் என்னும் வானநூல் அறிஞரிடம் பயின்றார்.

ஐன்ஸ்டைன் வகுத்த ஈர்ப்புக் கொள்கையை நுணுகி ஆராய்ந்த லெமைத்தர், அண்டம் விரிந்துகொண்டே செல்கிறது என்று 1927ஆம் ஆண்டில் கட்டுரை வரைந்தார். தொலைவிலுள்ள விண்மீன் கூட்டங்களின் ஒளி செந்நிறத்தின் பக்கமாக விலகுவதற்கு அவ்விரிவே காரணம் என்றும் காட்டினார். அவ்வாண்டே பிரஸ்ஸல்ஸ் நகரில் ஐன்ஸ்டைனைக் கண்டார். அப்பேரறிஞர் கணக்கில் குற்றமில்லை என்று ஒப்பினாரேனும், கருத்தை ஏற்க மறுத்தார். உலகம் போற்றும் ஒருவர் மறுத்தபோதும் லெமைத்தர் தம் ஆராய்ச்சியைக் கைவிட்டிலர். தொலைவு மிகுந்தோறும் விண்மீன் கூட்டங்கள் விலகும் விரைவும் மிகுகின்றது என்பதை 1929ஆம் ஆண்டில் ஹபிள் என்பார் அளந்து வெளியிட்டார். 1931ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைனும் தம் பழைய கருத்தை விடுத்தார்.

விரியும் அண்டம் முன்னர்ச் செறிந்திருத்தல் வேண்டுமன்றோ? ஆதலின், அனைத்தும் ஓர் ஆதியணுவில் அடங்கியிருந்தன என்று லெமைத்தர் அவ்வாண்டே கூறினார். குருவாகிய அவர் சமயக் கருத்தைப் புகுத்துகின்றார் எனச் சிலர் ஐயுற்றனர். அவரோ சமயத்தையும் அறிவியலையும் ஒன்றோடொன்று கலவாது போற்றினார்.

அண்டத்தின் இளமைக்கால வெப்பத்தின் எச்சமாகிய கதிர்வீச்சு கண்டறியப்பட்ட செய்தி 1965ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நோயுற்றிருந்த லெமைத்தர் அதனைக் கேட்டறிந்து மகிழ்ந்தார். 1966ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 20ஆம் நாள் மறைந்தார்.

ஆதியணு என்னும் கருத்து, பின்வந்தோரால் திருத்தம் பெற்றது. தொடக்கத்தில் அண்டம் நொடியினும் மிகச் சிறிய பொழுதில் பெருவிரைவாக உப்பியது என்பது பிற்காலக் கொள்கை. அவ்வுப்புதலில் எழுந்திருக்கக்கூடிய ஈர்ப்பலைகளையும், அப்பழங்காலத்தே பிறந்திருக்கக்கூடிய கருந்துளைகளையும் அறிஞர் இன்றும் தேடி வருகின்றனர். அத்தேடலுக்கு வழி திறந்தவருள் லெமைத்தரும் ஒருவர். மறுப்புக்கு அஞ்சாமையும், சான்று வரும்வரை காத்திருக்கும் பொறுமையும் அறிவு தேடுவார்க்கு வேண்டும் என்பதை அவர் வாழ்வு உணர்த்துகின்றது.