டி. வி. சுந்தரம் அய்யங்கார்

டி. வி. சுந்தரம் அய்யங்கார் (மார்ச் 22, 1877 - ஏப்ரல் 28, 1955) தென்னிந்தியாவில் மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கு அடித்தளமிட்ட முன்னோடிகளுள் ஒருவர் ஆவார். டி.வி.எஸ். குழுமத்தை நிறுவியவர் இவரே. பேருந்துச் சேவை, சரக்குப் போக்குவரத்து, அமெரிக்க வாகன விற்பனை, உதிரிப்பாக வணிகம் ஆகிய துறைகளில் ஈடுபட்டார்.

இளமையும் தொடக்ககாலப் பணிகளும்

சுந்தரம் அய்யங்கார் திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள திருக்குறுங்குடியில் பிறந்தார். தந்தையின் விருப்பப்படி முதலில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தார். பின்னர் ரயில்வேயிலும் வங்கியிலும் பணியாற்றினார். நிலையான வருமானம் தந்த வேலையைத் துறந்து, அக்காலத்தில் பலரும் நம்பத் தயங்கிய மோட்டார் தொழிலில் இறங்கினார்.

பேருந்துச் சேவை

மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு 1912ஆம் ஆண்டில் பேருந்துச் சேவையைத் தொடங்கினார். தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையிலான தடம் அவரது தொடக்ககால முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது. புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் இருந்த தனிச் சமஸ்தானம் ஆகும். 1929ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியிலிருந்து இருப்புப்பாதை வரும் வரை அந்நகருக்கு ரயில் வசதி இல்லை. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தஞ்சாவூருக்கு மாட்டு வண்டியிலேயே செல்ல வேண்டியிருந்த மக்களுக்குப் பேருந்து பெரும் மாற்றத்தைத் தந்தது.

நேரந்தவறாமை இவரது பேருந்துகளின் அடையாளமாக விளங்கியது. பேருந்து வரும் நேரத்தைக் கொண்டு ஊர் மக்கள் தம் கடிகாரங்களைச் சரிசெய்துகொள்வர் என்று கூறப்படுவதுண்டு. 1923ஆம் ஆண்டில் டி. வி. சுந்தரம் அய்யங்கார் அண்டு சன்ஸ் நிறுவனம் உருவானது. இதன் பேருந்துகளும் லாரிகளும் பின்னாளில் சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் இயங்கின.

அமெரிக்க வாகன வணிகம்

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928ஆம் ஆண்டில் பம்பாயில் செவர்லே முதலிய வாகனங்களைப் பொருத்தும் தொழிற்சாலையைத் தொடங்கியது. வாகனங்கள் பகுதிகளாகக் கப்பலில் வந்து, அங்கு முழுமையாக்கப்பட்டன. இவ்வகை வாகனங்களில் ஒரு சிறு பாகம் பழுதடைந்து மாற்றுப் பாகம் கிடைக்காவிட்டாலும் வண்டி முடங்கிவிடும். எனவே விற்பனையோடு உதிரிப்பாகங்களும் பழுதுபார்ப்பும் இன்றியமையாதவை ஆயின. இத்துறைகளில் இவரது மதராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் ஆகிய நிறுவனங்கள் வளர்ந்தன. 1950களில் சுந்தரம் மோட்டார்ஸ் இந்தியாவில் ஜெனரல் மோட்டார்ஸ் வாகனங்களின் மிகப்பெரிய விநியோகஸ்தராக இருந்தது.

போர்க்காலம்

இரண்டாம் உலகப் போரின்போது சென்னை மாகாணத்தில் கடும் பெட்ரோல் தட்டுப்பாடு ஏற்பட்டது. அப்போது மரக்கரியை எரித்து உண்டாக்கும் வாயுவைக் கொண்டு வாகனங்களை இயக்கும் டி.வி.எஸ். வாயுக்கலம் உருவாக்கப்பட்டது. தேய்ந்த டயர்களைப் புதுப்பிக்கும் தொழிற்சாலையையும் நிறுவினார்.

குடும்பம்

இவரது மகன்கள் தொழிலில் இவருடன் இணைந்தனர். மகள் சௌந்தரம் இளம் வயதிலேயே கணவரை இழந்தார். கைம்பெண்களின் வாழ்வு வீட்டுக்குள் முடங்கிய அக்காலத்தில் அவர் தில்லியில் மருத்துவம் பயின்று 1936ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். காந்தியவாதியான ஜி. இராமச்சந்திரனை மணக்க அவர் விரும்பியபோது குடும்பத்தில் எதிர்ப்பு எழுந்தது. 1940ஆம் ஆண்டில் காந்தியின் முன்னிலையில் திருமணம் நடைபெற்றது. இருவரும் 1947ஆம் ஆண்டில் காந்திகிராமத்தை நிறுவினர்.

மறைவும் அதன் பின்னரும்

உள்நாட்டு உற்பத்தியை வலியுறுத்திய அரசின் கொள்கையால் ஜெனரல் மோட்டார்ஸ் 1954ஆம் ஆண்டில் இந்தியாவில் வாகனம் பொருத்துவதை நிறுத்தியது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 28 அன்று சுந்தரம் அய்யங்கார் கொடைக்கானலில் காலமானார். இறக்குமதிப் பாகங்களை விற்று வந்த குடும்பம், 1960களில் அவற்றைத் தானே உற்பத்தி செய்யத் தொடங்கியது. வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பாசனர்ஸ் ஆகியவை அவ்வாறு தோன்றியவை. 1970களின் தொடக்கத்தில் தமிழக அரசு பேருந்துகளை நாட்டுடைமை ஆக்கியபோது இவரது பேருந்துச் சேவை பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஆனது.