மூச்சா, நாடியா?

1848 சனவரியில், இங்கிலாந்தின் நியூகாசில் அருகே ஹன்னா கிரீனர் என்னும் 15 வயதுச் சிறுமி, கால்விரல் நகத்தை அகற்றுவதற்காகக் குளோரோஃபார்ம் முகர்ந்த சில நிமிடங்களில் உயிரிழந்தாள். சிகிச்சைக்கு முன்பே அவள் பெரிதும் அஞ்சியிருந்தாள். வலியைப் போக்கும் வரமாக எடின்பரோவில் சிம்சன் அம்மருந்தை அறிமுகப்படுத்தி மூன்று திங்கள்கூட நிறைவுறவில்லை. முதலில் நின்றது மூச்சா, இதயமா? மருத்துவ உலகம் இரண்டுபட்டது. இலண்டன் மருத்துவர்கள் நாடியைக் கவனித்தனர். எடின்பரோவினர் மூச்சைக் கவனித்தனர்.

எடின்பரோவின் புகழ்மிக்க அறுவை மருத்துவர் சைமிடம் பயின்றவர் எட்வர்ட் லாரி. இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்த அவர், 1885இல் ஐதராபாத் வந்து அங்குள்ள மருத்துவப் பள்ளியின் தலைமையை ஏற்றார். மூச்சைக் காத்தால் போதும், நாடியைப் பார்க்க வேண்டியதில்லை என்பது ஆசிரியரிடமிருந்து அவர் பெற்ற பாடம். அதனையே தம் மாணவர்க்கும் கற்பித்தார். அவர்களுள் ஒருவரான ரூபாபாய் ஃபர்தூன்ஜி, இந்தியாவின் முதல் பெண் மயக்கவியல் மருத்துவராகப் பின்னாளில் போற்றப்பட்டார்.

1888இல் லாரி அமைத்த ஆய்வுக்குழு, குளோரோஃபார்ம் மூச்சையே முதலில் நிறுத்துகிறது என முடிவுரைத்தது. லான்செட் இதழ் அதனை ஏற்கவில்லை. உடனே நிசாம் அரசு 1000 பவுண்டு வழங்கி, இலண்டன் அறிஞர் ஒருவரை அனுப்புமாறு அவ்விதழையே வேண்டியது. எதிர்த்தரப்பாரையே தம் ஆய்வுக்கூடத்திற்கு அழைக்கும் துணிவு எளிதில் வருவதன்று. 1889இல் லாடர் பிரண்டன் வந்தார். 400க்கும் மேற்பட்ட விலங்குகள் சோதிக்கப்பட்டன. மாற்றுக் கருத்தோடு வந்த பிரண்டனும் லாரியின் பக்கம் சாய்ந்தார்.

ஆயினும் அம்முடிவு பிழையானது. மருந்தை மிகுதியாகச் செலுத்தினால் மூச்சு முன்னே நிற்பது உண்மையே. மயக்கம் முழுமை பெறாத நிலையில் நேரும் திடீர் மரணமோ வேறு வகையினது. 1911இல் குட்மன் லெவி, பூனைகளைக் கொண்டு அதனை விளக்கினார். இலேசான மயக்கத்தில் அட்ரினலின் மிகும்போது இதயக் கீழறைகள் ஒழுங்கிழந்து துடித்து, குருதியை உந்தும் ஆற்றலை இழக்கின்றன. அச்சம் அட்ரினலினைப் பெருக்கும் என்பதை எண்ணினால், நடுக்கத்தோடு படுத்தவர்களின் இறப்புக்குப் பொருள் விளங்குகிறது.

லாரி 1915இல் மறைந்தார். குளோரோஃபார்மும் மெல்ல வழக்கொழிந்தது. இன்று ஒசூர்த் தொழிற்சாலை விபத்தொன்றில் கை நசுங்கியவருக்கு மயக்கமூட்டும் மருத்துவர், மூச்சையும் இதயத் துடிப்பையும் ஒரே திரையில் பார்க்கிறார்.