மருமகளாக வந்த மருத்துவர்: டாக்டர் மேரி ரட்ணம்

இலங்கைப் பெண்கள் வாக்குரிமை பெற்ற வரலாற்றிலும், இந்நாட்டின் ஆரம்பகாலப் பெண் வைத்தியர்களின் வரலாற்றிலும், கிராமத்து மாதர் சங்கங்களின் வரலாற்றிலும் தவறாமல் வரும் பெயர் டாக்டர் மேரி ரட்ணம். கனடாவில் பிறந்து, தமிழ்க் குடும்பமொன்றின் மருமகளாக 1896ஆம் ஆண்டு இந்த மண்ணில் கால் வைத்தவர். 1962ஆம் ஆண்டு மறையும் வரை அறுபத்தாறு ஆண்டுகள் இலங்கையையே தம் நாடாகக் கொண்டிருந்தார்.

நூற்றாண்டு மலருக்குப் பெரியார் ஒருவரைப் பற்றி எழுதித் தருமாறு பழைய மாணவிகள் சங்கம் கேட்டபோது நான் இவரைத் தேர்ந்தேன். நம் பள்ளியில் ஒரே வாங்கில் அமர்ந்து படித்தவர்கள் பல வகையான வீடுகளிலிருந்து வந்தவர்கள். பட்டணத்துக் கடைக்காரரின் மகளும், கிராமத்து ஆசிரியரின் மகளும், பால் வெட்டும் அம்மாவின் மகளும் அங்கே இருந்தார்கள். வேறு மொழியும் வேறு வழக்கமும் உள்ள வீட்டுக்கு உதவி எவ்விதம் போய்ச் சேர வேண்டும் என்பதை வாழ்நாள் முழுதும் செய்து காட்டியவர் மேரி ரட்ணம். அதனால் அவர் கதை நமக்கும் உரியது.

இளமையும் திருமணமும்

மேரி ஹெலன் இர்வின் 1873 ஜூன் 2ஆம் திகதி கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள எலோரா என்ற ஊரில் பிறந்தார். அக்காலத்தில் டொரொன்டோவில் பெண்கள் மருத்துவம் கற்பதற்குத் தனியாக ஒரு கல்லூரி இருந்தது. அங்கே பயின்று 1896இல் வைத்தியரானார். அமெரிக்க மிஷன் அவரை இலங்கைப் பணிக்குத் தெரிவு செய்தது.

புறப்படுமுன் நியூயோர்க்கில் சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரட்ணம் என்ற தமிழ்க் கிறிஸ்தவ இளைஞரைச் சந்தித்தார். அதே ஆண்டில் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். சுதேசி ஒருவரை மணந்த வெள்ளைக்காரப் பெண்ணை ஏற்க மிஷனுக்கு மனம் வரவில்லை. எந்த வேலையை நம்பிக் கப்பலேறினாரோ அந்த வேலை அவருக்கு இல்லாமற்போனது. இருபத்துமூன்று வயதில், தெரியாத நாட்டில், தம்மவர்களே ஒதுக்கிவிட்ட நிலையில் அவர் வாழ்க்கையைத் தொடங்கினார்.

கொழும்பிலிருந்த லேடி ஹவ்லொக் மகளிர் வைத்தியசாலையில் சிறிது காலம் அரசாங்க வைத்தியராகப் பணியாற்றினார். பின்னர் கொழும்பிலேயே பெண்நோய் மருத்துவராகத் தனியே தொழில் நடத்தினார். இலங்கை மருத்துவக் கல்லூரி 1892இல்தான் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்தது. ஆண் வைத்தியரிடம் உடம்பைக் காட்டக் கூசிய பெண்கள், நோய் முற்றும் வரை வீட்டிலேயே கிடந்த காலம் அது. பெண் வைத்தியர் ஒருவர் இருக்கிறார் என்ற செய்தியே அன்று பல உயிர்களுக்குத் துணையாக இருந்திருக்கும்.

சங்கங்களும் பாடநூல்களும்

சிகிச்சை அறைக்கு வரும் நோய்களில் பெரும்பகுதி வீட்டிலேயே தடுக்கப்படக் கூடியவை என்பதை எந்த வைத்தியரும் சீக்கிரமே உணர்ந்துவிடுவார். மேரி ரட்ணம் அதை உணர்ந்ததோடு நிற்கவில்லை. 1904இல் இலங்கை மாதர் சங்கம் தொடங்கியபோது அதில் முன்னின்றார். 1909இல் தமிழ் மாதர் சங்கம் உருவாவதற்கும் அவரே முக்கிய காரணமாக இருந்தார். தமிழர் இசையையும் நடனத்தையும் பேணுவது அச்சங்கத்தின் பணிகளுள் ஒன்று. பின்னாளில் வெள்ளவத்தையில் கலாலயம் என்ற கலைப் பள்ளியை நடத்தியதும் அச்சங்கமே. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் சுகாதாரம் கற்பிக்க முனைந்ததில் வியப்பில்லை. அவரே தமிழ்ப் பெண்கள் தமது கலையை விடாமல் காக்கவும் துணைநின்றதுதான் பெருமை. புதியதைக் கற்பதற்காகத் தன்னுடையதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்று அவர் எவரிடமும் கேட்டதாகத் தெரியவில்லை.

பாடசாலைகளுக்கென அவர் எழுதிய சுகாதார நூல்களும் மனையியல் நூலும் 1920களிலிருந்து வழக்கில் வந்தன. அவை ஆங்கிலத்தில் மட்டும் நின்றுவிடாமல் சிங்களத்திலும் தமிழிலும் வெளிவந்தன. தண்ணீரைக் கொதிக்க வைப்பது, கைக்குழந்தைக்கு உணவூட்டுவது, வீட்டைச் சுற்றியுள்ள இடத்தைச் சுத்தமாக வைத்திருப்பது போன்றவை ஒரு சிறுமியின் பாடப் புத்தகம் வழியாக அவள் தாயிடம் போய்ச் சேரும். எழுத்து வாசனை இல்லாத தாய்க்கும் மகள் வாசித்துக் காட்டலாம். பிள்ளையைக் கொண்டு குடும்பத்தை எட்டும் வழி இது. பெண் உடலைப் பற்றியும் பிள்ளைப்பேற்றைப் பற்றியும் அவர் ஒளிவுமறைவின்றி எழுதியதற்கு மதத் தலைவர்கள் சிலரிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. அவர் பின்வாங்கவில்லை.

வாக்குரிமையும் தோட்டத்துப் பெண்களும்

1927ஆம் ஆண்டின் இறுதியில் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. அதன் முன் பெண்களின் கோரிக்கையை வைப்பதற்காகப் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைக்கப்பட்டது. அதை அமைத்தவர்களுள் மேரி ரட்ணமும் ஒருவர். செயலாளராக இருந்தவர் கண்டியைச் சேர்ந்த அக்னஸ் டி சில்வா. பறங்கியர் குலத்தில் பிறந்து சிங்களச் சட்டத்தரணி ஒருவரை மணந்தவர்.

ஆணைக்குழுவின் முன் இச்சங்கத்தினர் சாட்சியமளித்தபோது நடந்த ஒன்றை நம் மலையகப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை கேட்கிறீர்களா என்று அவர்களிடம் வினவப்பட்டது. அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்காகவும்தான் கேட்கிறோம் என்ற பொருளில் அக்னஸ் டி சில்வா தயங்காமல் பதில் சொன்னார். கொழும்பிலும் கண்டியிலும் வசதியாக வாழ்ந்த பெண்கள், லயத்துக் காம்பிராவில் இருந்த பெண்ணை ஒதுக்காமல் பேசிய தருணம் அது.

ஆணைக்குழு முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்குரிமையைப் பரிந்துரைத்தது. 1931இல் அது நடைமுறைக்கு வந்தபோது ஆண், பெண் இருபாலாருக்கும் வயது 21 என்றாயிற்று. ஆயினும் தோட்டத் தொழிலாளருக்கு நிரந்தர வதிவிடம் பற்றிய நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. பின்னர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் கிடைத்த உரிமையையும் பறித்தன. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நம் வகுப்புத் தோழியர் பலரின் குடும்பங்களைக் கப்பலேற்றியது. குடியுரிமைச் சிக்கல் முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மகிளா சமித்தி

மேரி ரட்ணத்தின் பணிகளுள் மிகப் பெரியது லங்கா மகிளா சமித்தி. 1930களின் தொடக்கத்தில் அதை நிறுவினார். அதன் வேர் ஒன்டாரியோவில் இருந்தது. அங்கே அடிலெய்ட் ஹூட்லெஸ் என்ற தாய் 1889இல் தம் கைக்குழந்தையைப் பறிகொடுத்தார். கெட்டுப்போன பாலே காரணம் என்று கருதப்பட்டது. மற்றத் தாய்மாருக்கு அந்தத் துயரம் நேரக்கூடாதென்று அவர் உழைத்ததன் பயனாக 1897இல் ஸ்டோனி கிரீக் என்ற ஊரில் கிராமப் பெண்களின் முதல் சங்கம் தோன்றியது. மகிளா சமித்தி என்ற பெயர், வங்காளத்தில் சரோஜ் நளினி தத் தொடங்கிய பெண்கள் சங்கங்களால் முன்பே அறியப்பட்டிருந்தது.

கிராமத்துப் பெண்கள் தாமே கூடி, தமக்குள் பொறுப்பாளரைத் தெரிந்து, குழந்தை வளர்ப்பு, சத்துணவு, வீட்டுத்தோட்டம், தையல் முதலியவற்றை ஒருவருக்கொருவர் கற்றுக்கொள்வது சமித்தியின் முறை. உதவி பெறுபவளே சங்கத்தின் உறுப்பினளும் ஆகிறாள். கை நீட்டி நிற்கும் கூச்சம் அவளுக்கு இல்லை.

ஆயினும் சப்ரகமுவவில் வளர்ந்த நமக்கு ஒரு குறை உடனே தெரியும். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, பலாங்கொடை என்று எங்கு பார்த்தாலும் தேயிலையும் றப்பரும் சிங்களக் கிராமங்களோடு தோளுரசிக் கிடக்கின்றன. ஓர் ஓடைக்கு இந்தப் பக்கம் கிராமம், அந்தப் பக்கம் லயம். ஆனால் அந்நாளில் தோட்ட எல்லைக்குள் வெளியாள் கால் வைக்கத் துரையின் அனுமதி வேண்டும். பெண்கள் தாமாகக் கூடிச் சங்கம் அமைப்பது அங்கே எளிதான காரியமல்ல. கிராமத்துத் தாய்க்குக் கிடைத்த அந்தத் துணை, ஓடையைக் கடந்து லயத்துத் தாயிடம் வர நெடுங்காலம் பிடித்தது.

இறுதிக்காலம்

1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதல் பெண் மேரி ரட்ணம். குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசவே பலர் அஞ்சிய காலத்தில் அதற்காகவும் உழைத்தார். 1958இல், எண்பத்தைந்தாவது வயதில், பொதுச் சேவைக்கான மகசேசே விருது அவருக்கு வழங்கப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் மறைந்தார்.

நமக்கு அவர் விட்டுச் சென்றது

நான் வைத்தியராக வேலை செய்யும் இடங்களில் தோட்டத்திலிருந்து வரும் தாய்மாரைக் கிழமைதோறும் சந்திக்கிறேன். கையில் தரும் துண்டுப் பிரசுரம் சிங்களத்தில் இருக்கும். விளங்கியதா என்று கேட்டால் தலையை ஆட்டுவார்கள். அந்தத் தலையாட்டல் மரியாதைக்கு, விளங்கியதற்கு அல்ல. சில நாட்களில் பத்து வயது மகள் பள்ளிக்குப் போகாமல் மொழிபெயர்க்க வந்திருப்பாள். தன் தாயின் இரத்தப்போக்கைப் பற்றி அந்தச் சிறுமி எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1987ஆம் ஆண்டிலிருந்து தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. எழுதப்பட்ட சட்டம் லயத்துக் கதவைத் தட்டுவதற்கு ஒரு மனிதர் தேவைப்படுகிறார்.

பள்ளியிலும் இதுவே நிலை. கூட்டத்துக்கு வராத பெற்றோருக்குப் பிள்ளையின் படிப்பில் அக்கறை இல்லை என்று சொல்வது சுலபம். அன்று கொழுந்து பறிக்காவிட்டால் அந்த நாளுக்குச் சம்பளம் இல்லை என்பதையும், வந்தாலும் பேச்சு விளங்காது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மேரி ரட்ணம் கனடாவிலிருந்து நம்மிடம் வந்தார். நம் சகோதரிகள் பலர் இன்று கனடாவில் வாழ்கிறார்கள். புதிதாகக் குடியேறிய பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் மொழியிலேயே வழிகாட்டும் பணியாளர்கள் ஒன்டாரியோப் பள்ளிகளில் உண்டு. படிவம் நிரப்பவும், ஆசிரியரோடு பேசவும், வைத்தியரைத் தேடவும் அவர்கள் துணை வருவார்கள். அந்த உதவியைப் பெற்ற நம் சகோதரிகளுக்கு அதன் அருமை தெரியும். இங்கே பிறந்த ஊரிலேயே அந்த உதவி தேவைப்படும் குடும்பங்கள் இருப்பதும் அவர்களுக்குத் தெரியும்.

நூற்றாண்டைக் கொண்டாடும் நம் சங்கத்துக்கு மூன்று சிறு வேண்டுகோள்களை வைக்கிறேன். பெற்றோருக்குப் போகும் ஒவ்வொரு கடிதமும் இரு மொழியிலும் போகட்டும். பெற்றோர் கூட்டங்களில் சில, வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்திலேயே நடக்கட்டும். பிள்ளைக் காம்பிரா அதற்குப் போதும். புதிதாகச் சேரும் தோட்டத்துப் பிள்ளை ஒவ்வொருத்திக்கும், முதல் ஆண்டில் அவள் குடும்பத்தோடு பள்ளிக்கும் காரியாலயத்துக்கும் கூடவே போய்வரப் பழைய மாணவி ஒருவர் பொறுப்பெடுக்கட்டும். தூர தேசத்தில் இருப்பவர்கள் தொலைபேசியிலும் இதைச் செய்யலாம். கட்டடம் எழுப்பும் அளவுக்குப் பணம் இதற்குத் தேவையில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் தேவை.

இந்த மலரைப் படிக்கும் சகோதரிகள் எந்த நாட்டில் இருந்தாலும், அந்த ஒரு மணி நேரத்தைத் தர விரும்பினால் சங்கச் செயலாளருக்கு எழுதுங்கள். தாய்மாரின் சுகாதார வகுப்புகளுக்கு நான் வருகிறேன்.