கிராமத்தைக் கணக்கெடுக்கக் கற்பித்த பேராசான்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு ஹைதராபாத்தில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் ஊர்ப் பேச்சு ஓய்வதில்லை. கோயிலும் குளமும் மாந்தோப்பும் நம் நினைவில் பசுமையாக நிற்கின்றன. ஆயினும், அவ்வூரில் நிலமற்ற குடும்பங்கள் எத்தனை, அவர்கள் பெற்ற கூலி எவ்வளவு, பட்ட கடன் எவ்வளவு என வினவினால் விடை கூற வல்லார் நம்மில் மிகச் சிலரே. இவ்வினாக்களைச் சர்வகலாசாலையின் வாயிலாகத் தமிழ் இளைஞர் முன் வைத்தவர் ஓர் ஆங்கிலேயர். அவரே பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர்.

ஸ்லேட்டர் 1864ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிளிமத் நகரில் பிறந்தார். ஊர்ப் பொதுநிலங்கள் வேலியிடப்பட்டுத் தனியார் உடைமையானபோது அந்நாட்டு உழவர் அடைந்த நிலையை ஆராய்ந்து, 1907இல் நூலாக வெளியிட்டார். லண்டனின் உல்விச் பகுதிக்கு மேயராகவும், பின்னர் 1909 முதல் ஆக்ஸ்போர்டில் தொழிலாளர் பயிலும் ரஸ்கின் கல்லூரியின் முதல்வராகவும் விளங்கினார். ஏழையின் வாழ்வை ஏட்டில் மட்டும் கண்டவரல்லர் அவர்.

1915இல் சென்னைச் சர்வகலாசாலையில் இந்தியப் பொருளாதாரத்தின் முதற் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். மேனாட்டு நூல்களை மனனம் செய்து தேர்வெழுதுவதே அக்கால மாணவர் வழக்கம். ஸ்லேட்டரோ 1916இல் ஒரு வினாப் பட்டியலை அவர்கள் கையில் கொடுத்து, விடுமுறையில் தத்தம் ஊர்களுக்குச் சென்று நிலம், விளைச்சல், தொழில், கூலி, கடன் முதலியவற்றைக் கேட்டெழுதி வருமாறு பணித்தார். அயலார் வந்து அளப்பது ஒன்று. பிறந்த ஊரின் வறுமையை அவ்வூர்ப் பிள்ளையே அளப்பது மற்றொன்று. பின்னது கடினமானது. தன் வீட்டுக் களத்தில் அளக்கப்படும் கூலி நெல்லும் அக்கணக்கில் வந்துவிடுமன்றோ?

தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடஆர்க்காட்டு தூசி, தஞ்சைப் பாலக்குறிச்சி, இராமநாதபுரம் ஜில்லா வடமலாபுரம், திருநெல்வேலிக் கங்கைகொண்டான் முதலிய ஊர்களின் வரலாறு 1918இல் நூலாயிற்று. இருவேல்பட்டில் வாங்கிய கடனால் தலைமுறையாக ஒரே வீட்டுக்குக் கட்டுண்டு, தானியக் கூலிக்கு உழைத்த படியாட்களின் நிலை அதில் பதிவாயிற்று. மாணவர் திறத்துக்கேற்பச் சில ஊர்க் கணக்குகள் விரிவாகவும் சில சுருக்கமாகவும் அமைந்தன என்பது உண்மையே. எனினும், விதைத்த விதை பழுதாகவில்லை.

அவ்வூர்களையே 1936-37இல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் மீண்டும் ஆராய்ந்தனர். 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல் அம்மையார் ஆராய்ந்தார். பின்னர் 1980களில் எஸ். குகன் முதலியோர் இருவேல்பட்டுக்கும் தூசிக்கும் சென்றனர். 2008இல் இருவேல்பட்டு மறுபடியும் ஆராயப்பட்டது. படியாள் முறை மறைந்ததையும், ஊருக்கு வெளியே கிடைத்த வேலைகள் உழைப்பாளருக்குத் துணைநின்றதையும் அந்நெடுங்கணக்கு காட்டுகிறது. முதற் கணக்கு இல்லையேல், வறுமை குறைந்ததா பெருகியதா என்று எதைக்கொண்டு அறிவது?

நாம் வாழும் இத்தக்காணமும் இப்பணியில் பின்தங்கியதன்று. 1929-30இல் எஸ். கேசவ ஐயங்கார் ஹைதராபாத் சமஸ்தானத்துக் கிராமங்களில் பொருளாதார விசாரணை நடத்தினார். 1972இல் பட்டன்செருவில் தோன்றிய சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையம், 1975 முதல் மஹபூப்நகர் ஜில்லாவின் ஔரேபல்லி, டோக்கூர் முதலிய ஊர்களில் குடும்பம் குடும்பமாக வரவு செலவைப் பதிந்தது. வறண்ட நிலங்களின் வறுமையை ஆராயும் உலக அறிஞர் பலருக்கு அக்கணக்குகள் பயன்பட்டுள்ளன.

ஸ்லேட்டர் 1921 வரை சென்னையில் பேராசிரியராக இருந்தார். தாயகம் திரும்பிய பின்னும் தென்னாட்டை மறவாது நூல்கள் எழுதி, 1938இல் மறைந்தார். திராவிடப் பண்பாட்டைப் பற்றி 1924இல் அவர் வெளியிட்ட நூலின் ஊகங்கள் பலவற்றை இன்றைய அறிஞர் ஏற்பதில்லை. ஆனால், அவர் காட்டிய வழி நிலைத்தது.

நம் பிள்ளைகள் கோடை விடுமுறையில் பாட்டனார் ஊருக்குச் செல்கின்றனர். மாம்பழத்தோடு ஊரின் உண்மைக் கணக்கையும் அவர்கள் கொண்டுவருவார்களாயின், அதுவே அப்பேராசானுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.