லயத்துக் கதைகளை ஏட்டுக்குக் கொண்டுவந்த சி.வி. வேலுப்பிள்ளை

பதுளைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்துப் படம் ஒன்று எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆங்கில அரிச்சுவடியில் 'ஐ' என்ற எழுத்துக்கு நேரே பனிக்கட்டியால் கட்டிய ஓர் அரைவட்ட வீடு இருந்தது. இக்ளூ. வாசலில் தோலாடை போர்த்திய ஒரு பிள்ளை நின்றது. எஸ்கிமோப் பிள்ளை என்று வாத்தியார் சொல்லித் தந்தார். அவர்கள் தங்களை இனுயிட் என்றே சொல்லிக்கொள்கிறார்கள் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

அந்தப் பிள்ளைக்குப் புத்தகத்தில் ஒரு வீடு இருந்தது. நாங்கள் எட்டுப் பேர் படுத்தெழும்பிய காம்பரா எந்தப் புத்தகத்திலும் இல்லை. 'எல்' எழுத்துக்குச் சிங்கம் போட்டிருந்தார்கள், லயம் இல்லை.

எங்களுக்குக் கதை இல்லாமல் இல்லை. இஸ்தோப்பில் படங்குச் சாக்கை விரித்து, அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில் அப்பாயி உட்கார்ந்துவிட்டால் பொன்னர் சங்கர் வரும், அர்ச்சுனன் தபசு வரும், மாசி மாதத்துக் காமன் கூத்து வரும். ஸ்டோரில் சக்கரத்தைக் காவல் காக்கும் ரோதமுனி வருவார். இந்த ரோதமுனி இந்தியாவிலிருந்து மூட்டை கட்டி வந்த சாமி இல்லை. தேயிலை ஸ்டோரின் ரோதை சுழலத் தொடங்கிய பிறகு இங்கேயே பிறந்தவர். கவ்வாத்து மலைக்கும் கொழுந்து மலைக்கும்கூட அப்படித் தனித்தனிச் சாமிகள் உண்டு. ஒரு சனம் புதிய மண்ணில் காலூன்றியதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் பிரஜாவுரிமைச் சட்டம் எழுதியவர்கள் சாமிகளைக் கணக்கில் எடுக்கவில்லை.

வாயில் மட்டும் இருந்த இந்த வாழ்க்கையை ஏட்டில் ஏற்றியவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் சி.வி. வேலுப்பிள்ளை. வடக்கு கிழக்கில் அவரைக் கவிஞர் என்று கேள்விப்பட்டவர்கள் உண்டு. மலைநாட்டில் பலருக்கு அவர் பழைய பாராளுமன்ற உறுப்பினர், தொழிற்சங்கத் தலைவர். இரண்டும் சரிதான். என் கணக்கில் அவர் செய்த பெரிய வேலை வேறு.

சி.வி. 1914 செப்டம்பர் 14 அன்று வட்டகொடைக்கு அருகே மடக்கும்பரைத் தோட்டத்தில் பிறந்தார். பிறந்தது லயத்துக் காம்பராவில் இல்லை, பெரிய கங்காணி குடும்பத்தில். இதை மறைத்துப் பேசுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. கங்காணி என்றால் ஊரிலிருந்து ஆள் கட்டி வந்தவர், தலைக்காசு வாங்கியவர், கடன் கணக்கைக் கையில் வைத்திருந்தவர். ஒரு தொழிலாளி இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கடன் தொகை எழுதிய துண்டு வேண்டும். அந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது 1921 இல். அப்போது சி.வி.க்கு ஏழு வயது. கங்காணியின் அதிகாரம் கொடிகட்டிப் பறந்ததையும் அது மெல்லச் சரியத் தொடங்கியதையும் ஒரே வீட்டுக்குள்ளிருந்து பார்த்த பிள்ளை அவர். வெளியே தப்புச் சத்தமும் தாலாட்டும் ஒப்பாரியும். உள்ளே பேரேடு. இரண்டுக்கும் நடுவே வளர்ந்தவருக்குத்தான் இரண்டையும் எழுத முடிந்தது என்று நினைக்கிறேன்.

அட்டன் மெதடிஸ்த கல்லூரியிலும் பிறகு கொழும்பு நாலந்தாவிலும் படித்தார். தோட்டத்துப் பிள்ளைகளில் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூடக் கிடைக்காத படிப்பு அது. ஆங்கிலம் கைவந்தது, தாகூர் மீது பித்துப் பிடித்தது. 1934 இல் தாகூர் இலங்கைக்கு வந்தபோது, தான் ஆங்கிலத்தில் எழுதிய 'விஸ்மாஜினி' என்ற இசை நாடகத்தை அவரிடம் கொடுத்தார். இருபது வயதுப் பையன். அந்த நாடகத்தில் தேயிலை வாசம் கிடையாது. தன் காலடி மண்ணைத் திரும்பிப் பார்க்க அவருக்கு இன்னும் சில வருடங்கள் தேவைப்பட்டன.

திரும்பிப் பார்க்க வைத்தது அரசியல். 1939 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. தோட்டம் தோட்டமாகச் சங்கம் பரவியது. 1947 பொதுத் தேர்தலில் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அதில் தலவாக்கலை சி.வி.யுடையது. அடுத்த ஆண்டே 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் வாக்குரிமையும் போயிற்று. ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் ஒரு கையெழுத்தில் நாடற்றவர் ஆனார்கள். 1952 இல் காங்கிரஸ் சத்தியாக்கிரகம் நடத்தியது. பலன் கிடைக்கவில்லை. அந்தத் தேர்தலில் தோட்டத்து வாக்காளர் பெயரே இடாப்பில் இல்லாதபோது சி.வி. எங்கே போய் வாக்குக் கேட்பார்? பாராளுமன்ற வாழ்வு அத்தோடு முடிந்தது. தொழிற்சங்க வேலை முடியவில்லை. 1965 இல் வி.கே. வெள்ளையன் தொடங்கிய தொழிலாளர் தேசிய சங்கத்தில் சேர்ந்து, அதன் 'மாவலி' இதழையும் நடத்தினார்.

எழுத்து இந்த அலைச்சலுக்கு நடுவில்தான் நடந்தது. தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய நீள்கவிதையைச் சக்தி பாலையா தமிழாக்கினார். 'தேயிலைத் தோட்டத்திலே' என்ற பெயரில் அது 1969 இல் வந்தது. தமிழாக்கம் மூலத்தைவிட அதிகம் பேரின் வாயில் நின்றது. 1970 இல் 'போர்ன் டு லேபர்' வந்தது. தோட்டத்து மனிதர்களையும் அவர்கள் வழக்கங்களையும் ஒவ்வொன்றாக நிறுத்திக் காட்டும் உரைநடைச் சித்திரங்கள். மு. சிவலிங்கம் இதைத் 'தேயிலை தேசம்' என்று தமிழில் தந்தார்.

இங்கே ஒரு குறையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். யாரைப் பற்றி எழுதினாரோ அவர்களால் வாசிக்க முடியாத மொழியில் எழுதினார். கொழும்பில் இருந்தவர்களுக்கும் வெள்ளைக்காரத் துரைகளுக்கும் எங்களை மனிதராக அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது, சரி. ஆனால் பசறைத் தோட்டத்தில் அந்தப் புத்தகம் பெரிய துரையின் பங்களா அலுமாரியில் இருந்திருக்கலாமே தவிர, லயத்துக்கு வந்திருக்க வழியில்லை. இதை அவரும் உணர்ந்திருக்க வேண்டும். 'வீடற்றவன்' போன்ற நாவல்களைத் தமிழில் எழுதினார். அதற்கும் மேலே ஒன்று செய்தார். தான் எழுதுவதை நிறுத்திவிட்டு, சனம் பாடுவதை எழுதத் தொடங்கினார்.

'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற அவருடைய தொகுப்பு 1983 இல் நூலாக வந்தது. பாடியவர்களுக்கு அது இலக்கியம் இல்லை. பிள்ளையைத் தூங்க வைக்க ஒரு பாட்டு, கங்காணியைக் குத்திக்காட்ட ஒரு பாட்டு, செத்தவரை அனுப்பி வைக்க ஒரு பாட்டு. ஆனால் எங்கள் சரித்திரம் எழுதப்பட்டிருந்த ஒரே ஏடு அதுதான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். வளைந்து வளைந்து மலையேறிக் கோப்பிப் பழம் பறிக்கப் போன இடத்தில் அண்ணனைப் பறிகொடுத்த தங்கையின் பாட்டு மலைநாடெங்கும் தெரிந்தது. எங்கள் அப்பாயி அதைப் பாடுவார். ஆனால் அவர் வாழ்நாளில் ஒரு கோப்பித் தோட்டத்தைக் கண்டதில்லை. அவருடைய அம்மாவும் கண்டிருக்க மாட்டார். கோப்பி இலையில் துருநோய் முதலில் தென்பட்டது 1869 இல், எங்கள் ஊவாவின் மடுல்சீமைப் பக்கத்தில்தான். அடுத்த இருபது வருடங்களுக்குள் கோப்பி அழிந்து தேயிலை வந்துவிட்டது. பயிர் போனது, துரைமார் போனார்கள், காட்டைக் கடந்து நடந்து வந்து செத்தவர்களின் புதைகுழிகள் தேயிலைக்கு அடியில் மறைந்தன. பாட்டு மட்டும் போகவில்லை. அந்த அண்ணனின் பெயர் எந்தத் தோட்டத்துச் செக்ரோலிலும் தேடிக் கிடைக்காது. தங்கையின் அழுகை கிடைத்திருக்கிறது.

இந்த இடத்தில் அரிச்சுவடிப் படத்துப் பிள்ளை எனக்கு மீண்டும் நினைவுக்கு வருகிறது. அந்தப் பிள்ளையின் கதைகளும் சும்மா புத்தகத்துக்கு வந்துவிடவில்லை. கிறீன்லாந்தில் 1879 இல் பிறந்த நுட் ராஸ்முசன் டென்மார்க்குப் பாதிரியாரின் மகன். தாய் வழியில் கிறீன்லாந்து இரத்தம் உண்டு. பாதிரியார் வீட்டில் வளர்ந்தாலும் விளையாடியதும் கதை கேட்டதும் அந்த ஊர்ப் பிள்ளைகளோடு. 1921 முதல் 1924 வரை நாய்ச் சறுக்குவண்டியில் கனடாவின் வட கரை வழியாக அலாஸ்கா வரை போய், வழியெல்லாம் பாட்டும் கதையும் எழுதி எடுத்தார். பாதிரியார் வீட்டுப் பிள்ளைக்கும் கங்காணி வீட்டுப் பிள்ளைக்கும் நடுவில் ஒரு சாயல் தெரிகிறது. வாசற்படியில் நின்றவர்கள் இருவரும். ராஸ்முசன் போய் இருபது வருடங்களுக்குள் கனடா அரசாங்கம் இனுயிட் சனத்துக்குப் பெயருக்குப் பதிலாக இலக்கம் பொறித்த வில்லைகளைக் கொடுத்தது. 1953 இல் ஒரு பகுதிக் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி இன்னும் வடக்கே, அவர்களுக்குப் பழக்கமில்லாத பனிப்பாலையில் கொண்டுபோய் இறக்கியது. அதற்கு மன்னிப்புக் கேட்டது 2010 இல்தான். இலக்கமும் இடப்பெயர்வும் எங்களுக்குப் புதிதா என்ன?

எங்கள் கப்பல் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டது. 1964 ஸ்ரீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கு பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974 இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். பதுளையிலும் தெமோதரையிலும் அப்புத்தளையிலும் கோச்சி நின்றால் மேடையில் அழுகைதான். ஒப்பாரிக் கோச்சி என்றே சனம் அதற்குப் பெயர் வைத்தது. அக்கா ஒரு நாட்டில், தம்பி ஒரு நாட்டில். பாட்டின் முதலடி தெரிந்தவர் இங்கே நின்றுவிட, இரண்டாமடி தெரிந்தவர் கப்பல் ஏறினார். சி.வி. பாடல்களைத் தொகுத்து அச்சுக்குக் கொடுத்தது இந்தப் பிரிவுகளின் காலத்தில் என்பதை மனதில் வைத்துத்தான் அந்தத் தொகுப்பைத் திறக்க வேண்டும்.

கோச்சி ஏறாதவர்களும் நிலைத்திருக்க முடியவில்லை. 1977, 1981, 1983. லயங்கள் எரிந்தபோது ஊவாவிலிருந்தும் சனம் வன்னிக்குப் போனது. கிளிநொச்சியின் பாரதிபுரமும் மலையாளபுரமும் அப்படி மலையிலிருந்து இறங்கிப் போனவர்கள் நிறைந்த ஊர்கள். பிறகு அங்கே என்ன நடந்தது என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சனம் மூன்று தலைமுறைக்குள் மூன்று தடவை சாமான் கட்டியது.

சி.வி.யின் பாடல் தொகுப்பு வந்த 1983 எப்படிப்பட்ட ஆண்டு என்று தெரியும். அவருடைய கடைசி நாவல்களில் ஒன்றான 'இனிப் படமாட்டேன்' அந்தக் காலத்து வன்முறையின் பின்னணியில் எழுதப்பட்டது. தலைப்பே போதும். தாகூரிடம் இசை நாடகம் கொடுத்த இளைஞனிடமிருந்து வந்த வார்த்தை அல்ல அது. தேர்தலில் நம்பிக்கை வைத்து, சத்தியாக்கிரகத்தில் நம்பிக்கை வைத்து, சங்கத்தில் நம்பிக்கை வைத்து, எழுபது வயதை எட்டிய மனிதரின் வார்த்தை. 1984 நவம்பர் 19 அன்று காலமானார். 'நாடற்றவர் கதை' அவர் போன பிறகு நூலாயிற்று.

2014 செப்டம்பரில் அவருக்கு நூறு வயது. அடுத்த மாதம் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். பின்னேரம் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் மண் இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு இரவில் கதை சொல்லியிருக்கக் கூடியவர்கள் அந்த மண்ணுக்குள் இருந்தார்கள்.

இப்போது வட துருவத்தில் கதை வேறு விதமாகப் போகிறது. கனடாவின் இக்கலுவிட் நகரில் 2006 இல் தொடங்கிய ஒரு பதிப்பகம் இனுயிட் முதியவர்கள் சொன்ன கதைகளை, அவர்கள் மொழியிலேயே, படத்தோடு பிள்ளைகளுக்கு அச்சிட்டுக் கொடுக்கிறது. கடற்பனி வெடித்த இடத்தில் பிள்ளைகளைப் பிடிக்கக் காத்திருக்கும் ஒரு பூதத்தின் கதை உண்டு. பனி வெடிப்புக்குப் பக்கத்தில் போகாதே என்று தாய்மார் சொல்லி வைத்த கதை. வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் அப்பாயி பீலிக்கரைக்குத் தனியாகப் போகாதே என்று சொல்ல வைத்திருந்த முனியும் இதே ஆள்தான், உடுப்பு மட்டும் வேறு.

சி.வி. பாடல்களைக் காப்பாற்றினார். அவை பெரியவர்களுக்கான நூலாக நின்றன. இஸ்தோப்புக் கதைகளைப் பிள்ளைகள் கையில் படமும் எழுத்துமாகக் கொடுக்கும் வேலை இன்னும் சரியாகத் தொடங்கவில்லை. தோட்டப் பள்ளிக்கூடங்கள் அரசாங்கத்தின் கீழ் வந்து நாற்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. ரோதமுனி இன்னும் பாடப்புத்தகத்துக்குள் வரவில்லை.

போன மாதம் கிளிநொச்சியில் இருக்கும் என் மருமகன் தொலைபேசி எடுத்து, பிள்ளை தூங்குதில்லை, ஒரு கதை சொல்லுங்க மாமா என்றான். ரோதமுனி கதையைத் தொடங்கினேன். சுருட்டும் சாராயமும் வைக்காமல் ரோதையை ஓட்டிய புதுத் துரை வரைக்கும் வந்தது. அதற்குப் பிறகு என்ன ஆனது என்பது எனக்கு மறந்துவிட்டது. பிள்ளையை லைனில் வைத்துக்கொண்டே, மற்றத் தொலைபேசியில் பசறையில் இருக்கும் அக்காவைக் கூப்பிட்டேன். அக்காவுக்குத் தெரிந்திருந்தது.