சிற்றுருவில் ஓடிய நீராவிப் பொறிகள்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் அமைந்துள்ள நார்த்தாம்ப்டன், காலணித் தொழிலுக்குப் பெயர் பெற்ற நகரம். தோல் பதனிடும் மணம் கமழும் அந்நகரில், கொதிகலன்களைச் செய்தும் பழுதுபார்த்தும் வந்த லோக் குடும்பத்தின் பட்டறையும் இருந்தது. அக்குடும்பத்தில் 1877ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27ஆம் நாள் பிறந்தவர் வென்மன் ஜோசப் பாசட்-லோக். உலையின் வெம்மையும் சம்மட்டியின் ஓசையும் அவருக்குத் தாலாட்டாயின. இளமையிலேயே பள்ளியை விட்டு விலகிய அவர், கட்டடக்கலைஞர் ஒருவரிடம் சிறிது காலம் பணிபுரிந்தபின் தந்தையின் பட்டறைக்கே திரும்பினார். வரைபடத்தைப் படிக்கும் கண்ணும் உலோகத்தை அறிந்த கையும் ஒருவரிடத்தே அமைந்தது இவ்வாறுதான்.

அக்காலத்து இங்கிலாந்தில், ஓய்வு நேரங்களில் நீராவிப் பொறிகளைச் சிற்றுருவில் செய்து மகிழ்வோர் பலர் இருந்தனர். எழுத்தர், கடிகாரம் பழுதுபார்ப்பவர், ஆசிரியர் எனப் பலதிறத்தாரும் அவர்களுள் அடங்குவர். ஆர்வம் இருந்தும் அவர்களுக்கு வார்ப்புகள் கிடைக்கவில்லை. ஒரு சிறு உருளைக்காக ஓர் உலையை மூட்ட யாரால் இயலும்? பாசட்-லோக் இக்குறையைக் கண்டார். பட்டறையில் கணக்கெழுதி வந்த ஹாரி பிராங்க்ளினுடன் கூட்டுச் சேர்ந்து, 1899இல் தம் பெயரிலேயே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். சக்கரம், உருளை, திருகாணி, அடைப்பான் முதலிய உறுப்புகளை விலைப்பட்டியல் வழியாக விளம்பரப்படுத்தி, அஞ்சலில் அனுப்பி வைத்தார்.

1900ஆம் ஆண்டில் பாரிசில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சி அவர் வாழ்வில் ஒரு திருப்பமாயிற்று. செருமனியின் நூரம்பர்க் நகரிலிருந்து வந்த பிங் சகோதரர்கள் நிறுவனத்தார் தகரத்தில் செய்த விளையாட்டுத் தொடர்வண்டிகளை அங்கே காட்சிக்கு வைத்திருந்தனர். அழுத்தி வார்த்த தகட்டின் ஒழுங்கும் வண்ணப்பூச்சின் நேர்த்தியும் பாசட்-லோக்கைக் கவர்ந்தன. ஆயினும் அவ்வண்டிகள் எந்த நாட்டு இருப்புப்பாதையிலும் ஓடாத வண்டிகள். பொம்மைக்குரிய பொதுவான உருவமே அவற்றுக்கு இருந்தது. பிரித்தானியப் பொறிகளை உள்ளவாறே சிற்றுருவில் செய்து தருமாறு அவர் இஸ்டெபான் பிங்கிடம் கேட்டுக்கொண்டார். பிங்கும் இசைந்தார். இருவருக்குமிடையே தொடங்கிய வணிகம் நாளடைவில் நட்பாயிற்று.

உள்ளவாறே செய்வது எளிதன்று. அதற்கு வேண்டிய வரைபடங்களை வரைந்து கொடுத்தவர் இருப்புப்பாதை நிறுவனமொன்றின் வரைபட அலுவலகத்தில் பயின்ற ஹென்றி கிரீன்லி. அவர் எதிர்கொண்ட சிக்கலை மாணவர்கள் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம். ஓரடி நீளத்தை ஏழு மில்லிமீட்டராகச் சுருக்கும் அளவுமுறையைக் கொள்வோம். இம்முறையில் ஒவ்வொரு பொருளும் ஏறத்தாழ 43.5இல் ஒரு பங்காகச் சுருங்கும். அவ்வாறே ஆறு மில்லிமீட்டர்த் தடிப்புள்ள இரும்புத் தகட்டையும் சுருக்கினால், அது காகிதத்தைப் போல மெலிந்து கையில் வளைந்துவிடும். சக்கரத்தைத் தண்டவாளத்தில் நிறுத்தும் விளிம்பையும் அதே அளவில் செய்தால், முதல் வளைவிலேயே வண்டி தடம் புரளும். ஆகவே தகடும் விளிம்பும் சற்றுத் தடித்தே இருத்தல் வேண்டும். தடித்த சக்கரங்கள் பொறியின் பக்கச் சட்டங்களில் உரசாதிருக்க, பாதையைச் சற்றே குறுக்க வேண்டியதாயிற்று. நான்கடி எட்டரை அங்குலப் பாதை இவ்வளவுமுறையில் ஏறத்தாழ 33 மில்லிமீட்டர் வர வேண்டும். வழக்கில் நிலைபெற்றதோ 32 மில்லிமீட்டர்.

அயர்லாந்தின் பழம்பொறிகளைச் சிற்றுருவில் செய்வோருக்கு இச்சிக்கல் இன்னும் கடுமையானது. அந்நாட்டின் முதன்மைப் பாதை ஐந்தடி மூன்று அங்குல அகலமுடையது. ஏழு மில்லிமீட்டர் அளவுமுறையில் அது 36.75 மில்லிமீட்டராகும். கடையில் கிடைக்கும் 32 மில்லிமீட்டர்ப் பாதையில் அயர்லாந்துப் பொறியை நிறுத்தினால், அகன்ற தோளுடையவர் குறுகிய காலணியில் நிற்பதுபோல் தோன்றும். உண்மை வேண்டுவோர் பாதையையும் சக்கரங்களையும் தாமே செய்துகொள்ள வேண்டும். எதனை விட்டுக்கொடுப்பது, எதனை விட்டுக்கொடாதிருப்பது என்னும் இத்தெளிவில்தான் பொம்மையும் மாதிரியும் வேறுபடுகின்றன என்பது என் கருத்து.

கிரீன்லி வரைந்து, பிங் செய்து, பாசட்-லோக் விற்ற பொறிகளுள் ‘பிளாக் பிரின்ஸ்’ என்பது தொடக்கக்காலப் புகழைத் தேடித்தந்தது. 1908இல் இலண்டனின் ஹை ஹோல்பர்னில் கடை திறக்கப்பட்டது. அதன் காட்சிக் கண்ணாடியின் முன் சிறுவரும் முதியோரும் ஒருங்கே நின்றனர். இதற்கிடையே, ஆட்களை ஏற்றிச் செல்லும் சிறு தொடர்வண்டிகளிலும் அவர் கருத்தைச் செலுத்தினார். 1905இல் பிளாக்பூல் கடற்கரையில் 15 அங்குலப் பாதையில் ‘லிட்டில் ஜயன்ட்’ என்னும் நீராவிப் பொறி ஓடியது. வடமேற்கு இங்கிலாந்தின் ரேவன்கிளாசில் 1913இல் மூடப்பட்டுக் கிடந்த மூன்றடிப் பாதையை, அவரும் அவருடைய கூட்டாளியும் 1915இல் 15 அங்குலப் பாதையாக மாற்றத் தொடங்கினர்.

அப்போது உலகப்போர் மூண்டிருந்தது. நூரம்பர்க்கிலிருந்து சரக்கு வருவது நின்றுபோயிற்று. நேற்றுவரை நண்பராக இருந்தவர் பகைநாட்டார் ஆனார். போர் முடிந்த பின்னும் செருமனிப் பொருள் என்றாலே முகம் சுளிப்போர் இங்கிலாந்தில் பலர் இருந்தனர். வணிகர் ஒருவர்க்கு அந்நிலையில் பழைய உறவை மறந்துவிடுவதே எளிது. பாசட்-லோக் மீண்டும் பிங்கின் கைகளையே பற்றினார். 1922இல் சாப்பாட்டு மேசையின் மீதே விரித்து வைக்கத்தக்க சின்னஞ்சிறு தொடர்வண்டி பிங்கின் பட்டறையில் உருவாகி, இங்கிலாந்தின் கடைகளுக்கு வந்தது. அதன் பாதை அகலம் ஏறத்தாழ 16 மில்லிமீட்டரே. பெரிய வீடில்லாதவர் பிள்ளைகளுக்கும் இருப்புப்பாதை எட்டும் பொருளாயிற்று.

அவருடைய நாட்டம் தொடர்வண்டியோடு நின்றுவிடவில்லை. 1917இல் புளோரன்ஸ் ஜேன் ஜோன்சை மணந்தார். அவர்கள் குடியேறிய டெர்ன்கேட் தெருவின் 78ஆம் எண் இல்லத்தின் உட்புறத்தை, இசுகாட்லாந்தின் சிறந்த கட்டடக்கலைஞர் சார்லசு ரென்னி மாக்கின்டாஷ் புத்துருவாக்கியிருந்தார். பின்னர்க் கட்டிய ‘நியூ வேய்ஸ்’ இல்லத்தைச் செருமனியின் பீட்டர் பெரன்சு வடிவமைத்தார். 1926இல் எழுந்த அவ்வில்லத்தைப் பிரித்தானியாவின் முதல் நவீனப் பாணி வீடுகளுள் ஒன்றாகக் கருதுவர். சமதர்மக் கொள்கையில் பற்றுடைய அவர் நகர்மன்றத்திலும் பணியாற்றினார். பெர்னாட்சா அவருடைய நண்பராவார்.

1933இல் இட்லர் ஆட்சிக்கு வந்ததும் நூரம்பர்க்கின் யூதத் தொழிலாளரும் முதலாளிகளும் அஞ்சத் தொடங்கினர். அந்நகரில் தகர விளையாட்டுப் பொருள்களைச் செய்துவந்த பிலிப் உல்மன் என்பவர் அவ்வாண்டிலேயே வெளியேறி நார்த்தாம்ப்டனுக்கு வந்தார். பாசட்-லோக்குடன் தொடர்புடைய பட்டறையில் அவருடைய புதிய தொழிலுக்கு இடம் கிடைத்தது. அங்குத் தொடங்கிய ‘மெட்டாய்’ நிறுவனமே பிற்காலத்தில் ‘கார்கி’ சிற்றுந்துகளைச் செய்து உலகறிந்தது. இஸ்டெபான் பிங்கும் யூதரே. அவர் பழைய நிறுவனத்திலிருந்து விலகித் ‘திரிக்ஸ்’ என்னும் புதிய நிறுவனத்தை நடத்தி வந்தார். 1938இல் அது கைமாற்றப்பட, அவரும் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தார். பாரிசுப் பொருட்காட்சியில் ஏற்பட்ட அறிமுகத்திற்கு அப்போது ஏறத்தாழ நாற்பது வயது.

இரண்டாம் உலகப்போரில் அவருடைய பட்டறை போர்ப்பணிக்குத் திரும்பியது. தொலைவில் தெரியும் கப்பல் எந்நாட்டது என்று கடற்படையினர் கண்டறியப் பயில்வதற்கான சிறு கப்பல் மாதிரிகள் அங்கே செய்யப்பட்டன. 1944இல் நார்மண்டிக் கரையில் அமைக்கப்பட்ட ‘மல்பெரி’ மிதவைத் துறைமுகத்துக்கான மாதிரிகளும் அங்கு உருவாயின. செய்தவர்கள் தம் வேலையைப் பற்றி வெளியே வாய் திறக்க முடியாத காலம் அது.

ஒன்றை இங்கே மறைக்காமல் கூற வேண்டும். பாசட்-லோக் தம் கையால் செய்த மாதிரிகள் மிகச் சிலவே. வரைந்தவர் கிரீன்லி, தகட்டை அழுத்தியவர்கள் நூரம்பர்க், நார்த்தாம்ப்டன் தொழிலாளர்கள், நுண்ணிய கோடுகளைத் தூரிகையால் இழுத்தவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியா. பெட்டியின் மீதிருந்த பெயரோ அவருடையது. இதனால் அவரைக் குறைத்து மதிப்பிடுவோரும் உண்டு. எனினும், சுருக்கிச் செய்த பொறியிலும் ஆணிகளின் வரிசை சரியாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவரே.

1953ஆம் ஆண்டு அக்டோபரில் பாசட்-லோக் மறைந்தார். மலிவான மின்தொடர்வண்டிகள் பெருகிய 1960களின் நடுவில் அவருடைய கடை வணிகமும் முடிவுற்றது. டெர்ன்கேட் இல்லம் இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. ரேவன்கிளாசின் 15 அங்குலப் பாதையில், பயணிகளை ஏற்றிக்கொண்டு நீராவிப் பொறிகள் இன்றும் மலைப்பள்ளத்தாக்கை நோக்கி ஓடுகின்றன.